மார்பில் கட்டி: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

மேமோகிராம் (மார்பை எடுக்கும் எக்ஸ்ரே), ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) எடுக்கும் பிரிவில் வேலை பார்ப்பதால் என் காதில் விழும் சந்தேகங்கள் ஏறக்குறைய இவைதான். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, உடை மாற்றும் நேரத்தில் மெதுவாக என்னிடம் கேட்பவர்கள்தான் அதிகம். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்களுக்கு இருப்பது இன்ன கட்டி என்று இதைப் படித்து முடிவு செய்ய முடியாது, அதற்கு ஆள் நேரில் பார்த்தாக வேண்டும்.

"குளிக்கும்போது கட்டி மாதிரி தட்டுப்பட்டது. கேன்சர்தானா?"

பெரும்பாலும் இல்லை. கட்டி என்று பரிசோதனைக்கு வருபவர்களில் 10 பேரில் 8, 9 பேருக்குச் சாதாரணக் கட்டிதான் இருக்கும். ஃபைப்ரோஅடினோமா எனப்படும் நார்க்கட்டி, நீர்க்கட்டி, மாதவிடாயோடு வந்துபோகும் தடிப்பு, பால் கொடுக்கும் காலத்தில் வரும் சீழ்க்கட்டி, கொழுப்புக் கட்டி என்று பட்டியல் நீளமானது. புற்றுநோயும் அதில் ஒன்று, அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கணக்கு எல்லா வயதுக்கும் ஒன்றல்ல. 20 வயதில் தட்டுப்படும் கட்டி புற்றாக இருப்பது அபூர்வம். 60 வயதில் புதிதாக வந்த கட்டியை அப்படிச் சொல்லிவிட முடியாது. பத்தில் ஒன்பது ஒன்றுமில்லை என்பதைக் கேட்டு இன்றிரவு தூங்குங்கள், சரி. அதைக் காரணம் காட்டி டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். உங்களுடையது அந்த ஒன்பதில் சேர்ந்ததா என்பது பார்த்த பிறகுதான் தெரியும்.

"எனக்கு எல்லா இடமும் கட்டி கட்டியாத்தான் இருக்கு. எது கட்டி, எது இயல்பான சதைன்னு எப்படித் தெரியும்?"

மார்பகம் ஒரே சீரான சதை இல்லை. பால் சுரக்கும் மடல்கள் 15 முதல் 20 வரை இருக்கும். அவற்றிலிருந்து காம்புக்கு வரும் குழாய்கள், இடையிடையே நார்த்திசு, சுற்றிலும் கொழுப்பு. அதனால் கைக்குக் கரடுமுரடாகத் தெரிவது இயல்புதான், குறிப்பாக அக்குளை ஒட்டிய மேல் வெளிப்பக்கத்தில். கீழ் மடிப்பில் நீளவாக்கில் ஒரு தடித்த விளிம்பு பலருக்கு இருக்கும், அதுவும் கட்டி இல்லை. ஒல்லியானவர்கள் விலா எலும்பைத் தொட்டுவிட்டுப் பயந்து வந்ததும் உண்டு.

ஒரு சின்ன வழி: அடுத்த மார்பில் அதே இடத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே மாதிரி இருந்தால் பெரும்பாலும் அது உங்கள் உடல்வாகு. ஒரு பக்கம் மட்டும், சுற்றியுள்ள சதையிலிருந்து தனியாகப் பிரிந்து தெரிந்தால், அல்லது முன்பு இல்லாத தடிப்பு ஓர் இடத்தில் மட்டும் நிலையாக இருந்தால் காட்டிவிடுங்கள். விரல்களைச் சேர்த்துத் தட்டையாக வைத்துத் தொட வேண்டும். இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தால் யாருக்கும் எங்கேயும் கட்டி கிடைக்கும்.

"பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னாடி வீங்கி வலிக்குது, வந்ததும் போயிடுது. இது என்ன?"

ஹார்மோன் வேலை. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் சுரப்பித் திசு நீர் கோத்துக்கொண்டு வீங்கும், முடிந்ததும் தணியும். 30 முதல் 50 வயதுக்குள் இது அதிகம். ரிப்போர்ட்டில் ஃபைப்ரோசிஸ்டிக் மாற்றம் என்று எழுதுவார்கள், பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பாதிப் பெண்களுக்கு மேல் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இது இருக்கும். சரியான அளவில் தாங்கிப் பிடிக்கும் பிராவும், தேவைப்பட்டால் டாக்டரைக் கேட்டு ஒரு வலி மாத்திரையும் போதும்.

இளவயதில் இப்படி ஒரு தடிப்பு தெரிந்தால், வேறு மாற்றம் எதுவும் இல்லையென்றால், ஒரு மாதவிடாய் முடியும்வரை பொறுத்துப் பார்க்கலாம். முடிந்து நான்கைந்து நாள் கழித்துத் தொட்டுப் பாருங்கள். போய்விட்டால் நல்லது. அப்படியே உட்கார்ந்திருந்தால் மாதவிடாய்மேல் பழி போடாமல் கிளம்புங்கள். "அடுத்த மாசம் பார்ப்போம்" என்பதை ஒருமுறைக்கு மேல் சொல்லக் கூடாது.

"எனக்கு 22 வயசு. கோலிகுண்டு மாதிரி உருளுது, ஃபைப்ரோஅடினோமான்னு சொல்லிட்டாங்க. எடுத்தே ஆகணுமா?"

பெரும்பாலும் தேவையில்லை. 15 முதல் 35 வயதுவரை மிகச் சாதாரணமாக வரும் கட்டி இது. வழவழப்பாக, ரப்பர் போல, வலியில்லாமல், விரல் பட்டால் நழுவும். பெரும்பாலும் 1 முதல் 3 செ.மீ. அளவில் நின்றுவிடும், சிலருக்கு இரண்டு மூன்று இருக்கும், சிலருக்குத் தானே சுருங்கும், மெனோபாஸுக்குப் பிறகு சுருங்குவதும் உண்டு. கர்ப்ப காலத்தில் மட்டும் ஹார்மோனால் பெரிதாகலாம்.

எப்போது எடுக்கச் சொல்வார்கள் என்றால், அளவு பெரிதாக இருந்தால் (3 செ.மீ. தாண்டினால் பல டாக்டர்கள் யோசிப்பார்கள்), வேகமாக வளர்ந்தால், வலி தொந்தரவு தந்தால், ஸ்கேனும் பயாப்ஸியும் (ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது) ஒத்துப்போகவில்லை என்றால். உள்ளே அது இருக்கிறது என்ற நினைப்பே நிம்மதியைக் கெடுக்கிறது என்றாலும் எடுக்கலாம், அதுவும் நியாயமான காரணம்தான். எடுக்காவிட்டால் சில மாத இடைவெளியில் மறுபடி ஸ்கேன் செய்து அளவைப் பார்ப்பார்கள். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள், ஏனென்றால் ஃபில்லாய்ட்ஸ் என்றொரு கட்டி ஆரம்பத்தில் இதே வேஷத்தில் வரும். அது பெரும்பாலும் 40களில் வரும், வேகமாக வளரும், பெரும்பாலும் புற்றல்ல என்றாலும் எடுத்தே ஆக வேண்டியது.

"மார்பில் நீர்க்கட்டின்னு ரிப்போர்ட். ஊசி போட்டு எடுத்தா திரும்ப வருமா? சினைப்பை நீர்க்கட்டிக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?"

சினைப்பை நீர்க்கட்டி வேறு, இது வேறு. ஒன்று இருந்தால் மற்றது வரும் என்பதில்லை. மார்பில் வரும் நீர்க்கட்டி 35 முதல் 50 வயதுக்குள் அதிகம். ஒரே ராத்திரியில் வந்த மாதிரி திடீரென்று தட்டுப்படும், அதனால்தான் ஆட்கள் அலறியடித்து ஓடி வருகிறார்கள். ஸ்கேனில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம், உள்ளே வெறும் நீர் என்பது கறுப்பாகத் தெளிவாகத் தெரியும்.

வலி இல்லாத எளிய நீர்க்கட்டிக்கு எதுவுமே செய்ய வேண்டாம். வலித்தால் ஊசியால் உறிஞ்சிவிடலாம். மஞ்சளாகவோ பச்சையாகவோ நீர் வரும், கட்டி அங்கேயே அமுங்கிவிடும். திரும்ப வருமா என்றால், வரலாம். வந்தாலும் ஆபத்தில்லை. நீரில் ரத்தம் கலந்திருந்தாலோ, உறிஞ்சிய பிறகும் கட்டி மிச்சமிருந்தாலோ, ஸ்கேனில் நீருக்குள் சதை போல ஏதாவது தெரிந்தாலோ அப்போது கதை வேறு, பயாப்ஸி வரை போக வேண்டியிருக்கும்.

"வலிக்கிற கட்டி கேன்சர் இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்களே?"

பாதி உண்மை. புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, வலிக்கும் கட்டிகள் பெரும்பாலும் நீர்க்கட்டியோ தொற்றோதான். ஆனால் வலியோடு வரும் புற்றும் இருக்கிறது. இந்தச் சொல்லால் நடக்கும் கெடுதல் எனக்குத் தெரிந்து இரண்டு பக்கமும் இருக்கிறது. வலி இருப்பவர் "அப்போ பரவாயில்லை" என்று விட்டுவிடுகிறார், வலி இல்லாதவரும் "வலிக்கலையே, என்ன அவசரம்" என்று விட்டுவிடுகிறார். வலியை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள்.

"குழந்தைக்கு ஒரு மாசம். ஒரு பக்கம் கல்லு மாதிரி ஆயிடுச்சு, காய்ச்சலும் இருக்கு. அந்தப் பக்கம் பால் கொடுக்கலாமா?"

கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அந்தப் பாலால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. திடீரென்று நிறுத்தினால்தான் பால் தேங்கி நிலைமை மோசமாகும். பால் குழாய்கள் வீங்கி அடைபடுவதில் ஆரம்பித்து, தோல் சிவந்து சூடாகி, குளிர் காய்ச்சல் வந்தால் அது மாஸ்டைட்டிஸ். முன்பெல்லாம் நன்றாக அழுத்திப் பிழியச் சொல்வார்கள், இப்போது அது வேண்டாம் என்கிறார்கள்: அழுத்தித் தேய்த்தால் வீக்கம்தான் கூடும். குழந்தை கேட்கும்போது வழக்கம்போலக் கொடுங்கள், இடையில் குளிர்ந்த ஒத்தடம் வையுங்கள், காய்ச்சல் ஒருநாளில் தணியவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டால் பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்றதைத் தருவார்கள்.

மருந்துக்குப் பிறகும் ஓர் இடம் மட்டும் கட்டியாக நின்றால் சீழ் பிடித்திருக்கலாம். இப்போது பெரும்பாலும் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் சீழை எடுத்துவிடுகிறார்கள், கத்தி எப்போதாவதுதான். காய்ச்சலே இல்லாமல் மெதுவான கட்டி என்றால் பால் தேங்கி உண்டான கட்டியாகவும் இருக்கலாம், அது தொந்தரவில்லாதது.

கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் கவனிக்க வேண்டியது இன்னொன்று. "எல்லாம் பால்கட்டு" என்ற நினைப்பில் உண்மையான கட்டி மாதக்கணக்கில் மறைந்துபோகிறது. ஸ்கேன் இந்த இரண்டு காலத்திலும் பாதுகாப்பானது. தேவையென்றால் பயாப்ஸியும் செய்யலாம். ஒன்றிரண்டு வாரத்தில் போகாத எதையும் காட்டுங்கள்.

"நான் பால் கொடுக்கவே இல்லை. காம்புக்குப் பக்கத்தில் சீழ்க்கட்டி வருது, ஆறுது, மறுபடி வருது."

காம்புக்கு அடியிலுள்ள குழாய்களில் வரும் அழற்சியாக இருக்கலாம். புகை பிடிப்பவர்களுக்கு இது நன்றாகவே அதிகம். புகையை நிறுத்தாதவரை திரும்பத் திரும்ப வரும். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் தொற்று ஆறாது.

கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ் என்ற ஒன்றும் இருக்கிறது. குழந்தை பெற்ற சில ஆண்டுகளுக்குள் வரும், கெட்டியான கட்டியாக, பல இடத்தில் வாய் வைத்துச் சீழ் ஒழுகும், பார்ப்பதற்குப் புற்று போலவே இருக்கும், ஆனால் புற்றல்ல. காசநோயும் மார்பில் இதே மாதிரி வரலாம். இவற்றையெல்லாம் பயாப்ஸி இல்லாமல் பிரித்தறிய முடியாது. திரும்பத் திரும்பக் கீறிச் சீழ் எடுப்பதோடு நிறுத்தினால், திசுவைச் சோதனைக்கு அனுப்பினீர்களா என்று நீங்களே கேளுங்கள்.

"அடிபட்ட இடத்தில் கட்டி வந்திருக்கு. அடிபட்டால் கேன்சர் வருமா?"

அடியால் புற்று வராது. அடிபட்டால் உள்ளே கொழுப்பு சிதைந்து, ஆறும்போது கெட்டித் தழும்பாக நிற்கும். கார் சீட் பெல்ட் அழுத்தியது, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு சிகிச்சை எல்லாவற்றுக்கும் பிறகு இது வரும். சங்கடம் என்னவென்றால் கைக்கும் சரி, சில சமயம் மேமோகிராமிலும் சரி, இது புற்று மாதிரியே இருக்கும்; தோலை உள்ளே இழுக்கக்கூடச் செய்யும். மறுபக்கமும் உண்டு: ஏற்கெனவே இருந்த கட்டியை அடிபட்ட பிறகு அந்த இடத்தைத் தொடும்போதுதான் முதல்முறை கவனிப்போம். அடியின்மேல் பழி போட்டு நாளைக் கடத்தியவர்கள் இருக்கிறார்கள்.

"காம்பிலிருந்து ஏதோ கசியுது. கட்டி எதுவும் தெரியலை."

எங்கிருந்து, எப்படி, என்ன நிறம் என்பதுதான் முக்கியம். இரண்டு பக்கமும், பல துளைகளிலிருந்து, அமுக்கினால் மட்டும் வருகிறது என்றால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. கர்ப்பமோ பால் கொடுப்பதோ இல்லாமல் இரண்டு பக்கமும் பால் போல வந்தால் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன், தைராய்டு, சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். வாந்திக்கும் மனநலப் பிரச்சினைக்கும் தரும் சில மருந்துகள் இப்படிச் செய்யும்.

அமுக்காமலே, ஒரு பக்கம், ஒரே துளையிலிருந்து, ரத்தமாகவோ தண்ணீர் போலத் தெளிவாகவோ வந்தால் தள்ளிப்போடக் கூடாது. அப்போதும் பெரும்பாலான சமயம் காரணம் குழாய்க்குள் வளரும் பாப்பிலோமா என்ற சின்ன மரு போன்ற சாதாரணக் கட்டிதான். ஆனால் கொஞ்சம் பேருக்குப் புற்று இருக்கும் என்பதால் பார்த்தே ஆக வேண்டும். வருகிறதா என்று தினமும் அமுக்கிப் பார்க்காதீர்கள், அமுக்க அமுக்க வந்துகொண்டேதான் இருக்கும்.

"கட்டி மார்பில் இல்லை, அக்குளில் இருக்கு."

மார்பகத் திசு அக்குள்வரை நீளும், அதனால் அதுவும் இந்தப் பேச்சில் சேர்த்திதான். சிலருக்கு அக்குளில் கூடுதல் மார்பகத் திசு பிறவியிலேயே இருக்கும், மாதவிடாய்க்கு முன்பும் கர்ப்பத்திலும் மட்டும் வீங்கித் தன்னைக் காட்டிக்கொள்ளும். முடி எடுத்த இடத்தில் வரும் சின்னக் கொப்புளமாகவும் இருக்கலாம். கையில் புண், அந்தக் கையில் போட்ட தடுப்பூசி ஆகியவற்றால் நெறிக்கட்டுவதும் சாதாரணம், அது சில வாரத்தில் வடியும். வடியாமல் கெட்டியாக நின்றால் அக்குளோடு மார்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

"என் பொண்ணுக்கு 10 வயசு. ஒரு பக்கம் மட்டும் காம்புக்குக் கீழ பட்டன் மாதிரி கட்டி, தொட்டா வலிக்குதாம்."

அது மார்பு வளர ஆரம்பிப்பது. முதலில் ஒரு பக்கம் வரும், அடுத்த பக்கம் சில மாதம் கழித்துத்தான் வரும், அந்த இடைவெளியில் எல்லா அம்மாக்களும் பயப்படுகிறார்கள். எதுவும் செய்யாதீர்கள். குறிப்பாக இதைக் கட்டி என்று நினைத்து அறுத்தாலோ பயாப்ஸி செய்தாலோ அந்தப் பக்கம் மார்பு வளராமலே போய்விடலாம். 8 வயதுக்கு முன்பே வந்தால் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். அது கட்டிக்காக இல்லை, சீக்கிரமே பூப்படைகிறாளா என்று பார்க்க.

"எப்படி இருந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது?"

ஒருநாள் என்பது மிகை, ஆனால் அந்த வாரமே போக வேண்டியவை உண்டு. கெட்டியாக, ஒழுங்கற்ற விளிம்போடு, நகராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டி. மேலே தோல் குழி விழுவது. எப்போதும் வெளியே இருந்த காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது (பிறந்ததிலிருந்தே உள்வாங்கிய காம்பு வேறு). முன்பே சொன்ன ரத்தக் கசிவு. தோல் ஆரஞ்சுப் பழத் தோல் போலத் தடித்துப் புள்ளி புள்ளியாவது. காம்பில் மட்டும் ஆறாத அரிப்பும் செதிலும். அக்குளில் கெட்டியான நெறிக்கட்டு.

இதில் அதிகம் ஏமாற்றுவது சிவப்பு. மார்பு சிவந்து வீங்கினால் தொற்று என்று மருந்து கொடுப்பார்கள், பெரும்பாலும் சரியாகவும் போய்விடும். முழுதாக ஒரு சுற்று ஆன்டிபயாட்டிக் எடுத்தும் சிவப்பு குறையவில்லை என்றால் அழற்சி வகைப் புற்றுநோய் என்ற அபூர்வமான ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அதில் கட்டியே தட்டுப்படாமலும் இருக்கலாம்.

"எனக்கு ஸ்கேன் மட்டும் எடுத்தாங்க, அம்மாவுக்கு மேமோகிராமும் எடுத்தாங்க. ஏன் இந்த வித்தியாசம்?"

வயது. இளவயதில் சுரப்பித் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் எல்லாம் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளை, பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் 30க்குக் கீழே ஸ்கேனில் ஆரம்பிப்பார்கள், 40க்கு மேலே மேமோகிராமோடு ஸ்கேனும் சேரும், நடுவில் இருப்பவர்களுக்கு டாக்டர் முடிவு செய்வார். தொட்டுப் பார்ப்பது, படம் எடுப்பது, தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுப்பது என்று மூன்று படி. மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் நம்பலாம்.

கதிர்வீச்சு பற்றிக் கேட்பீர்கள். ஒரு மேமோகிராமில் சுமார் 0.4 மில்லிசீவர்ட். இயற்கையாகவே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஆண்டுக்குச் சுமார் 3 மில்லிசீவர்ட் நம்மேல் படுகிறது, அதோடு பார்த்தால் சில வாரக் கணக்கு. அழுத்துவது வலிக்கும், மறைக்கவில்லை, ஆனால் சில நொடிகள்தான். மாதவிடாய் முடிந்த வாரத்தில் வந்தால் வலி குறைவு. அக்குளில் பவுடரும் டியோடரண்டும் போடாமல் வாருங்கள், படத்தில் புள்ளிகளாக விழுந்து வீணாகக் குழப்பும்.

"ஊசி குத்தினா கேன்சர் பரவிடும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க."

நான் கேட்பதிலேயே அதிகக் கெடுதல் செய்யும் பேச்சு இது. பயாப்ஸியால் நோய் பரவி ஆயுள் குறைவதில்லை. பயாப்ஸி செய்யாமல் நேராக அறுவைக்குப் போனால்தான் சிக்கல்: சாதாரணக் கட்டிக்குத் தேவையில்லாத தழும்பு, புற்றாக இருந்தால் திட்டமில்லாத அறுவை, பிறகு இன்னொரு அறுவை. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, பென்சில் முனை அளவு திசுத் துணுக்குகள் சிலவற்றை எடுப்பார்கள். டப் என்று ஒரு சத்தம் கேட்கும், அதற்குத்தான் பலர் துள்ளுகிறார்கள். பிறகு கொஞ்ச நாள் ஊதா நிறத்தில் கன்றிப்போயிருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

"ரிப்போர்ட்டில் பைராட்ஸ் 3ன்னு போட்டிருக்கு. மூணாம் ஸ்டேஜா?"

இல்லவே இல்லை. இது நோயின் கட்டம் கிடையாது. படத்தைப் பார்த்தவர் எவ்வளவு சந்தேகப்படுகிறார் என்பதற்கு ஒரு எண். 1 என்றால் எதுவும் இல்லை. 2 என்றால் இருப்பது சாதாரணமானது. 3 என்றால் ஏறக்குறைய நிச்சயமாகச் சாதாரணம், புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, 6 மாதத்தில் மறுபடி பார்ப்போம் என்று அர்த்தம். 4 என்றால் சந்தேகம், திசு எடுக்க வேண்டும். இந்த 4 ரொம்ப அகலமானது, 2 சதவீதத்திலிருந்து 95 வரை, அதனால் 4ஏ, 4பி, 4சி என்று பிரிப்பார்கள். 5 என்றால் 95 சதவீதத்துக்கு மேல். 6 ஏற்கெனவே உறுதியானது. 0 என்று பார்த்துச் சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 0 என்றால் படம் போதவில்லை, இன்னும் எடுக்க வேண்டும் என்று பொருள்.

"மேமோகிராம் நார்மல். ஆனா கட்டி கையில் படுதே?"

அப்படியென்றால் வேலை முடியவில்லை. அடர்த்தியான மார்பில் மேமோகிராம் சில புற்றுகளைத் தவறவிடும், மேலே சொன்ன அதே வெள்ளைக்குள் வெள்ளைக் காரணம்தான். கட்டி இருக்கும் இடத்தை விரலால் காட்டி, அந்த இடத்தையே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அதிலும் ஒன்றுமில்லை, ஆனால் டாக்டரின் கைக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றால் அப்போதும் பயாப்ஸி செய்வார்கள். கையும் படமும் முரண்பட்டால் நல்ல செய்தி சொல்வதை மட்டும் நம்பக் கூடாது.

"சாதாரணக் கட்டி நாளாக நாளாகக் கேன்சரா மாறுமா?"

நீர்க்கட்டி, கொழுப்புக் கட்டி, அடிபட்ட தழும்பு எதுவும் மாறுவதில்லை. எளிய ஃபைப்ரோஅடினோமாவும் பொருட்படுத்தும் அளவுக்கு ஆபத்தைக் கூட்டுவதில்லை. ஆனால் பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'எடிபிக்கல் ஹைப்பர்பிளேசியா' என்று இருந்தால், அதாவது செல்கள் இயல்பு மாறிப் பெருகியிருந்தால், மற்றவர்களைவிடப் பிற்காலத்தில் புற்று வரும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு. அது புற்றல்ல. ஆனால் அவர்களுக்குக் கண்காணிப்பு கூடுதலாகத் தேவை. அதனால் "பினைன்" (புற்றல்ல) என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல் ரிப்போர்ட்டில் முழுப் பெயர் என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு டாக்டரிடம் போனாலும் உதவும்.

"கரைய மாத்திரை, எண்ணெய், பத்து ஏதாவது?"

தானாகச் சுருங்கும் கட்டிகள் இருப்பதால்தான் இவை வேலை செய்த மாதிரி தெரிகிறது. நார்க்கட்டியைக் கரைக்கும் மருந்து கிடையாது. சூடான பத்து போட்டுத் தோல் வெந்துபோய் வருபவர்களுக்கு ஸ்கேன் எடுப்பதே கஷ்டம். இன்ன கட்டி என்று தெரிந்த பிறகு எதைத் தடவினாலும் உங்கள் விருப்பம். தெரிவதற்கு முன்னால் வேண்டாம்.

"எங்க வீட்டில் யாருக்கும் கேன்சர் இல்லை. அப்போ எனக்கு வராதுதானே?"

மார்பகப் புற்று வந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்களின் வீட்டில் முன்பு யாருக்கும் வந்ததில்லை. பரம்பரை மரபணுக் கோளாறால் வருவது 5 முதல் 10 சதவீதம்தான், பி.ஆர்.சி.ஏ. 1, 2 என்ற மரபணுக்கள் அதில் பிரபலம். அம்மா, அக்கா, தங்கை, சித்தி, அத்தை இவர்களில் யாருக்காவது இளவயதிலேயே வந்திருந்தால், அல்லது சினைப்பைப் புற்று இருந்திருந்தால், அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்பா வழியையும் விட்டுவிடாதீர்கள், அந்த மரபணு அப்பாவிடமிருந்தும் வரும்.

பிராவால் வருமா, டியோடரண்டால் வருமா என்பதற்கும் இங்கேயே பதில்: இல்லை. வயது கூடுவது, உடல் பருமன், மது, மெனோபாஸுக்குப் பிறகு நீண்ட நாள் எடுக்கும் ஹார்மோன் மாத்திரை இவைதான் உண்மையில் கணக்கில் வருபவை.

"மாதவிடாய் நின்னு பல வருஷம் ஆச்சு. இப்போ புதுசா கட்டி."

ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்ளாத ஒருவருக்கு இந்த வயதில் புதிதாக நீர்க்கட்டியோ நார்க்கட்டியோ வருவது குறைவு. அதனால் மேலே சொன்ன "ஒரு மாதம் பொறுக்கலாம்" இவருக்குப் பொருந்தாது. வலிக்கவில்லை, சின்னதுதான், வீட்டில் விசேஷம் இருக்கிறது என்று எதையும் சொல்லாமல் போய்விடுங்கள்.

"மாசாமாசம் தேதி வச்சு கண்ணாடி முன்னாடி நின்னு சோதிக்கணுமா?"

சீனாவில் ஷாங்காய் ஆலைப் பெண்கள் சுமார் 2,66,000 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. சுயபரிசோதனை முறையாகக் கற்றுக்கொடுக்கப்பட்டவர்களிடம் இறப்பு குறையவில்லை, சாதாரணக் கட்டிகளுக்கான பயாப்ஸிதான் கூடியது. அதற்குப் பிறகு பல இடங்களில் தேதி வைத்துச் சோதிப்பதை வலியுறுத்துவதில்லை. உங்கள் மார்பு எப்போதும் எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்திருந்து, மாறினால் காட்டுவது போதும் என்கிறார்கள். சோதிப்பது பிடித்திருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், பதற்றம் தருகிறது என்றால் குற்ற உணர்ச்சி வேண்டாம். உரிய வயதில் எடுக்க வேண்டிய மேமோகிராமுக்கு இது மாற்று இல்லை.

"பயாப்ஸியில் ஒண்ணுமில்லைன்னு வந்திருச்சு. அப்புறமும் டாக்டர் எடுக்கணும்கிறார். பணத்துக்காகவா?"

இருக்கலாம் என்று சந்தேகப்படுவது உங்கள் உரிமை, ஆனால் மருத்துவக் காரணங்களும் உண்டு. படத்தில் பைராட்ஸ் 5 என்று பலமாகச் சந்தேகப்பட்ட இடத்தில் ஊசியில் வெறும் சாதாரணத் திசு வந்தால், ஊசி சரியான இடத்தில் படவில்லையோ என்று நினைக்க வேண்டியிருக்கிறது. மறுபடி எடுக்கச் சொல்வதுதான் பொறுப்பான செயல். ஃபில்லாய்ட்ஸையும் ஃபைப்ரோஅடினோமாவையும் ஊசித் துணுக்கில் பிரிப்பது சில சமயம் முடியாது, முழுக்கட்டியைப் பார்த்தால்தான் தெரியும். எடிபிக்கல் என்று வந்தாலும், சில பாப்பிலோமாக்களிலும், பக்கத்திலேயே வேறெதுவும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க எடுப்பார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "படத்தில் தெரிந்ததும் பயாப்ஸி முடிவும் ஒத்துப்போகின்றனவா?" ஒத்துப்போகிறது என்று சொல்லிவிட்டும் எடுக்கச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் படம், ரிப்போர்ட், முடிந்தால் பயாப்ஸி கண்ணாடித் துண்டுகளையும் வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் காட்டுங்கள். அவை உங்களுடையவை, கேட்டால் தருவார்கள்.